தொகியேயின் இலை, இசாமுவின் உப்பு

தொகியே சான் தன் கைப்பேசியின் முகப்பிலிருந்து பேரக்குழந்தையின் படத்தை எடுத்துவிட்டு, கிருமி வளர்க்கும் தட்டு ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டார். மழைக்காலம் முடிந்து கமிதானியில் வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். ஒசாகாவிலிருந்து மருமகள் வந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தொகியேவுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. தபால்காரரிடம், வங்கிப் பெண்ணிடம், பக்கத்துத் தோட்டத்து கிமியே சானிடம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் என்று எல்லோரிடமும் கைப்பேசியை நீட்டினார்.

தட்டு முழுக்க மஞ்சள் பூத்த ஒரு படலம். நடுவில் பொட்டு அளவு காகிதத் துண்டுகள் நான்கு. மூன்றைச் சுற்றிப் படலம் விலகி, தெளிந்த வட்டம் விழுந்திருந்தது. நான்காவதைச் சுற்றி வட்டம் இல்லை. அதில் வெறும் தண்ணீர்.

“இது என் மரம் பண்ணின வேலை,” என்பார். “மஞ்சளா இருக்குறது பூராவும் கிருமி. தெளிவா இருக்குற இடத்துல அது செத்துப்போச்சு.”

எங்கள் ஊர் கமிதானி, ஜப்பானில் நாராவின் தெற்கு மலைச்சரிவில் இருக்கிறது. சரிவு முழுக்க பெர்சிமன் பழத் தோட்டம். இலையுதிர் காலத்தில் மலையே பழுத்த தக்காளி நிறத்தில் தொங்கும். அந்த மரங்களுக்கெல்லாம் மருந்து அடிப்பார்கள், ஆகவே அவற்றின் இலையை யாரும் வாயருகே கொண்டுபோவதில்லை. சமையலறைக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலும் தனியாக ஒரு மரம் நிற்கும். அதன் பழம் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு, காக்கைக்குத்தான் ஆகும். அந்த மரம் இருப்பது இலைக்காக. ஜூலை திருவிழாவுக்கு முந்தின நாள் அதன் இலையைப் பறித்து, துடைத்து, காடி கலந்த சோற்றின்மேல் உப்பில் ஊறிய கானாங்கெளுத்தி மீனை மெல்லிய சீவலாக வைத்து, இலையில் பொட்டலம் கட்டி, மரப்பெட்டியில் அடுக்கி, மேலே கல் ஏற்றி ஓர் இரவு விடுவார்கள். மறுநாள் அந்த இலைச் சுஷியைத் தின்னாமல் திருவிழா இல்லை. மற்ற நாட்களில் ஊருக்குள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிபவர்கள்கூட அன்று பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார்கள்.

அடிவாரத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஹிரோசே என்றொரு இளம் ஆய்வாளர் இருக்கிறார். பழமரங்களின் இலை, தோல், கொட்டை இவற்றின் சாற்றை எடுத்து, உணவைக் கெடுக்கும் கிருமிகளின்மேல் விட்டுப் பார்ப்பது அவர் வேலை. அவர் எழுதும் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. மருந்து படாத இலை வேண்டும் என்று அவர் தேடியபோது தொகியே தன் மினி டிரக்கில் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். காசு வேண்டாம் என்றார். என்ன ஆகிறது என்று காட்டினால் போதும் என்றார். ஹிரோசே காட்டினார். அந்தத் தட்டுக்கு முன்னால் தொகியே நின்ற நிலையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அறுபது வயது தாண்டிய பெண், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இதுக்குப் பேரு என்ன?”

ஹிரோசே பெயரைச் சொன்னார். மனிதர்களின் மூக்கிலும் கைப்புண்ணிலும் குடியிருப்பது, சோற்றில் விழுந்து வெயிலில் இருந்தால் விஷம் கக்குவது, சாப்பிட்டவரைச் சில மணி நேரத்தில் வாந்தியில் படுக்க வைப்பது என்று விளக்கினார். தொகியே தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் காதில் விழுந்தது வேறு எதுவோ என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

ஊரில் கேலி தொடங்கிவிட்டது. கிமியே சான்தான் முதலில். “தொகியே சான் வீட்டு மரம் டாக்டருக்குப் படிச்சிருக்காமே. என் முழங்கால் வலிக்கு ஒரு இலை எழுதித் தரச் சொல்லேன்,” என்று காய்கறிக் கடையில் பத்துப் பேர் நடுவில் கேட்டார். “உனக்கு இலை பத்தாது, மரத்தையே கட்டி வைக்கணும்,” என்றார் தொகியே. இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான்.

கேலியைத் தாண்டி ஒரு காரியம் ஓடிக்கொண்டிருந்தது. அது தொகியேயின் கணவர் இசாமுவைப் பற்றியது.

இசாமுவுக்கு இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதி திரும்பின, பேச்சு திரும்பியது. ஆனால் சொல் ஒவ்வொன்றாக, படிக்கட்டில் இறங்குவதுபோல் வரும். அதற்கு முன் அவர் ஊரில் பெரிய குரல். திருவிழாவில் பெட்டிமேல் கல் ஏற்றுவது அவர் பொறுப்பு. எந்தக் கல் எந்தப் பெட்டிக்கு என்று அவருக்குத்தான் தெரியும், வேறு யாராவது ஏற்றினால் சோறு நசுங்கிவிட்டது என்று மூன்று நாள் பேசுவார். சாப்பிட உட்கார்ந்தால் இலைகள் அவர் முன்னால் குவிந்து கிடக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாய் போயிற்று, கருவாடு போயிற்று, மிசோ என்ற உப்புச் சோயா விழுதில் வைக்கும் சாறு காலையில் அரைக் கிண்ணமாகச் சுருங்கியது. இலைச் சுஷி வாய்க்கே இல்லை. அந்த மீன் உப்பில் புதைந்து கிடந்து வருவது.

போன வருடத் திருவிழாவில் அவர் முன்னால் உப்பில்லாத டோஃபுவும் வெள்ளரிக்காயும் வைத்தார்கள். சுற்றிலும் எல்லோரும் இலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்காத நேரம் என்று நினைத்து, கிமியேயின் கணவர் பிரித்துப் போட்ட இலை ஒன்றை இசாமு எடுத்தார். இடது கையால் அதை மூக்கின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். நான் பார்த்தேன். எதிரே தட்டோடு வந்துகொண்டிருந்த தொகியேயும் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

இந்த வருடம் திருவிழாவுக்கு அவர்கள் வீடுதான் முறை வீடு. ஊருக்கெல்லாம் இலைச் சுஷி அந்தச் சமையலறையிலிருந்து போக வேண்டும். இசாமு இந்த முறை டோஃபு தின்னக்கூடாது என்பது தொகியேயின் முடிவு. அதை அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற அன்றே எடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் வேலியோரம் நின்று என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். மீனுக்கு உப்பு எதுக்கு? கெடாம இருக்க. சோத்துக்குக் காடி எதுக்கு? அதுவும் கெடாம இருக்க. இலை எதுக்குன்னு இத்தனை வருஷமா வாசனைக்குன்னு நெனைச்சோம். இப்ப பாத்தா கிருமியைக் கொல்றதே அதுதான். அப்ப உப்பைக் குறைச்சா என்ன? காடியிலயும் உப்பு போடுறோம், அதையும் குறைச்சிடலாம். பதிலுக்கு இலையை ரெண்டாப் போட்டா ஆச்சு.

பொதுவாகவே நான் பயந்த ஆள். பாலைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பேன், தேதி சரியாக இருந்தாலும் பார்ப்பேன். உப்புப் போடாத மீன், ஜூலை வெயில், ஓர் இரவு கல்லுக்கடியில் என்று மனதுக்குள் ஓடியது. இசாமு சானுக்கு மட்டும் தனியாகச் செய்யப்போகிறாரா என்று கேட்டேன்.

“எதுக்குத் தனியா? இந்த ஊர்ல பிரஷர் மாத்திரை முழுங்காத ஆள் யாரு இருக்கா? எல்லாருக்குமே இப்படித்தான்,” என்றார்.

கமிதானியில் எழுபது வயதுக்குக் குறைந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அத்தனை பேரும் வாந்தியில் படுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஹிரோசேயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று மட்டும் மென்று விழுங்கிச் சொன்னேன்.

“அவங்க கிட்ட என்ன கேக்குறது? அவங்கதானே காட்டினாங்க,” என்றார் தொகியே. கோபம் இல்லை. என் பயத்தின்மேல் அவருக்கு இரக்கம்தான்.

அடுத்த வாரம் அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த வாசனை தெருவையே நிறைத்தது. இலைகளை ஒரு பானையில் போட்டு நாள் முழுக்கக் காய்ச்சி, கறுத்த கஷாயமாக வற்ற வைத்திருந்தார். டவுனிலிருந்து உப்புப் போடாத மீனை வாங்கி, பெயருக்கு உப்புத் தூவி, கொஞ்ச நேரம் வைத்துக் கழுவி, சீவி, கஷாயத்தைத் தடவி, சோற்றுருண்டையின்மேல் வைத்து இரண்டிரண்டு இலையாகச் சுற்றினார். ஒத்திகைக்காக இரண்டு சின்னப் பெட்டி. கல் ஏற்ற இசாமுவைக் கூப்பிட்டார். அவர் இடது கையால் கல்லை நகர்த்தி வைக்க வெகுநேரம் ஆயிற்றாம். வைத்து முடித்ததும் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் காலை ஒரு துண்டு பிரித்துத் தின்றார். நன்றாக இருக்கிறதா என்று தொகியே கேட்டதற்கு இருக்கிறது என்றார். வாந்தியும் இல்லை, வயிற்று வலியும் இல்லை. முதியோர் பகல் நிலையத்தில் தன்னோடு சதுரங்கம் ஆடுகிறவர்களிடமெல்லாம் இந்த வருடம் தானும் இலைச் சுஷி தின்னப்போவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இன்னொரு பெட்டியைத் துணியில் அழகாக முடிச்சுப் போட்டு, தொகியே ஹிரோசேவுக்குப் பரிசாகக் கொண்டுபோனார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

ஹிரோசே துணியை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து, மிகவும் மகிழ்ச்சி என்று தலை குனிந்தார். பிறகு இலை ஏன் இரட்டையாக இருக்கிறது என்று கேட்டார். தொகியே பெருமையாகச் சொன்னார். கேட்கக் கேட்க ஹிரோசேயின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. போகவும் இல்லை, வளரவும் இல்லை. இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு வேண்டாம் என்ற சொல் எளிதில் வாயில் வராது. பெட்டியை மூடி வைத்துவிட்டு, இதை நான் சாப்பிடுவதற்குப் பதிலாகப் பரிசோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அதே நேரத்தில், எப்போதும் செய்வதுபோல் உப்பு போட்டுச் செய்தது சிலவும் கிடைக்குமா என்றார்.

தொகியேயின் முகம் சிவந்துவிட்டது.

“நான் மனுஷங்களுக்குன்னு கொண்டுவந்தேன். நீங்க கிருமிக்குப் படைக்கப் பாக்குறீங்க.”

“மன்னிச்சுக்கங்க. ஆனா ஊருக்கே இதைத்தான் தரப்போறீங்கன்னா நான் பாக்காம விட முடியாது.”

தொகியே துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு டிரக்கில் ஏறிவிட்டார். ஆனாலும் இரண்டு நாள் கழித்துப் பழைய முறையில் செய்தவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோய் வைத்தார். இந்த முறை துணியும் இல்லை, முடிச்சும் இல்லை.

ஹிரோசே செய்தது இதுதான். புண்பட்ட விரலோடு ஒருவர் உருண்டை பிடித்தால் எவ்வளவு கிருமி ஒட்டுமோ அவ்வளவை ஒவ்வொரு துண்டிலும் தடவினார். மறுபடி இலையைச் சுற்றி, எடையை ஏற்றி, ஜூலை மாதச் சமையலறையின் சூட்டில் ஓர் இரவு வைத்தார். பிறகு துண்டுகளைக் கரைத்து, கடற்பாசிக் கூழ் ஊற்றிய தட்டுகளில் பரப்பினார். முளைக்க வேண்டியது முளைத்ததும் எங்களைக் கூப்பிட்டார்.

மேசையில் இரண்டே தட்டுகள். இடது பக்கத் தட்டில் அங்கங்கே சில பொட்டுகள். அது பழைய உப்பு, பழைய காடி, ஒற்றை இலை. வலது பக்கத் தட்டைப் பார்த்ததும் எனக்கு விலக வேண்டும்போல் இருந்தது. தட்டு தெரியவே இல்லை. மஞ்சள் மஞ்சளாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி அப்பிக் கிடந்தது. எண்ண முடியாது.

“இதுதான் என்னோடதா?” என்று தொகியே கேட்டார்.

ஹிரோசே தலை குனிந்தார்.

“மரம் பொய் சொல்லிடுச்சா?”

“மரம் பொய் சொல்லல. நான் அன்னைக்குக் காகிதத்துல வெச்சது உங்க மூட்டை இலையை ஆல்கஹால்ல ஊறவெச்சு, வத்தவெச்சு, ஒரு ஸ்பூனாச் சுருக்கினது. அவ்வளவு துவர்ப்பும் ஒரு பொட்டுல இருந்துச்சு. சோத்து மேல சுத்துற இலையில அவ்வளவு இறங்காது. தொட்ட இடத்துல மட்டும் கொஞ்சம் வேலை செய்யுது. இலை பட்ட பக்கத்தைத் தனியாச் சுரண்டிப் பாத்தேன், அங்க கொஞ்சம் கம்மிதான். உள்ள போகல.”

கஷாயம் காய்ச்சித் தடவினேனே என்றார் தொகியே. அதையும் பார்த்ததாகவும் ஆல்கஹால் இழுப்பதைத் தண்ணீர் இழுப்பதில்லை என்றும் ஹிரோசே சொன்னார். குரல் இன்னும் தாழ்ந்தது. தட்டைக் காட்டிய அன்றே இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

தொகியே சும்மா விடவில்லை. “எங்க வீட்டுக்காரரு ஒண்ணு தின்னாரு. ஒண்ணும் ஆகல.”

“அன்னைக்கு உங்க கையில வெட்டு எதுவும் இருந்துச்சா?”

இல்லை என்றார்.

“நீங்க தனியாத்தான் செஞ்சீங்களா?”

ஆமாம்.

“திருவிழாவுக்கு எத்தனை பேர் உக்காருவாங்க?”

முறை வீட்டுச் சமையலறையில் பெண்கள் நெருக்கியடித்து உட்காருவார்கள். விடியலிலிருந்து கத்தரிக்கோலும் கத்தியுமாக இலை பறித்து, மீன் சீவிய கைகள். வெட்டுப்படாத கை ஒன்று இருந்தால் அதிசயம். சின்ன வெட்டுக்கெல்லாம் யாரும் வேலையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்தால் சோம்பேறி என்று அடுத்த திருவிழா வரை பேச்சு கேட்க வேண்டும்.

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். வலது தட்டை அருகில் இழுத்துக் குனிந்து பார்த்தார். முன்பு பார்த்த அதே குனிவு. “அப்ப அவரு சாப்பிட முடியாது,” என்றார். கேள்வி இல்லை அது. ஆனாலும் ஹிரோசே பதில் தேடினார். கட்டிய உடனே, அழுத்தாமல், அந்த நேரமே சாப்பிட்டால் உப்பு குறைந்திருந்தாலும் பயமில்லை என்றார்.

“அது வெறும் மீன் சோறு. இலை மணக்க ஒரு ராத்திரி வேணும்,” என்றார் தொகியே.

அன்று மாலை கணவரிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னையும் உட்காரச் சொன்னார், ஆள் இருந்தால் வாய் வரும் என்று நினைத்திருப்பார். பிள்ளைகள் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், ஆனால் இந்த இருவரும் ஒருவரையொருவர் இன்னும் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். இசாமு டோஃபுவைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். தொகியே எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு தட்டுகள், மஞ்சள் படலம், உள்ளே இறங்காத இலை. கடைசியில், இந்த வருடமும் டோஃபுதான், மன்னித்துக்கொள் என்றார்.

இசாமு கரண்டியைக் கீழே வைத்தார்.

“அம்மா. நீ பண்ணினது… நல்லா இல்ல.”

“நல்லா இருக்குன்னு சொன்னியேப்பா.”

“நீ… கேட்ட. சொன்னேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “உப்பில்லாம… எனக்குன்னு பண்ணினா… அது மருந்து. மருந்து… எனக்கு நிறைய இருக்கு.”

தொகியே டோஃபுக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார்.

“ஊர்ப் பெட்டியில இருந்து… ஒண்ணு. எல்லாரும் தின்னுறது. ஒண்ணே ஒண்ணு,” என்றார் இசாமு. பிறகு சொல் சொல்லாகத் தன் பேரத்தை வைத்தார். அந்த வாரம் முழுக்க மிசோ சாறு வேண்டாம். சோயா சாஸ் பாட்டிலை மேசையைவிட்டே எடுத்துவிடலாம். பகல் நிலையத்தில் கொடுக்கும் அரிசி பிஸ்கட்டையும் விட்டுவிடுவார். அந்த பிஸ்கட் விஷயம் தொகியேவுக்கு அதுவரை தெரியாது. அரிசி பிஸ்கட்டா, எத்தனை நாளாக என்று அவர் எழுந்த வேகத்தில் அதுவரை இருந்த துக்கம் பாதி ஓடிப்போயிற்று. இசாமு அந்தக் கேள்விக்கு மட்டும் பேச்சு வராதவர்போல் இருந்துவிட்டார்.

மறுநாளே தொகியே அடிவாரத்து மருத்துவரிடம் போனார். மருத்துவர் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லவில்லை. சம்மதம் கேட்டால் என்னால் சொல்ல முடியாது, ஆனால் அன்றைக்கு வேறு எதில் உப்பு வரும் என்று வேண்டுமானால் உட்கார்ந்து பார்ப்போம் என்றார். ஒரு துண்டு, மற்றதெல்லாம் வெள்ளரியும் சாதமும், மறுநாள் காலை இரத்த அழுத்தம் பார்த்துத் தனக்குப் போன் பண்ண வேண்டும் என்ற நிபந்தனையோடு முடிந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் விடியற்காலையிலேயே முறை வீட்டில் பெண்கள் கூடினார்கள். வாசலில் தொகியே நின்றிருந்தார். ஒவ்வொருவராகக் கையை நீட்டச் சொன்னார். விரிக்கச் சொன்னார், திருப்பச் சொன்னார், விரல் இடுக்கைப் பார்த்தார். கமிதானியில் அதுவரை யாரும் யார் கையையும் பார்த்ததில்லை. கிமியே சான் கட்டை விரலில் பிளாஸ்டருடன் வந்தார், காலையில் இலை பறிக்கும்போது பட்டதாம்.

“நீ சோத்தத் தொடாத. போய்க் கல்லைக் கழுவு,” என்றார் தொகியே.

“என் மாமியார்கூட என் கையை இப்படித் திருப்பிப் பாத்தது கிடையாது. போன வருஷம் வரைக்கும் இதே கைதானே உருண்டை பிடிச்சுது? யாரு செத்தா?”

“யாரும் சாகல. ஆனா வீட்டுக்குப் போனப்புறம் ராத்திரி யாரு எத்தனை தடவை கக்கூஸுக்கு எந்திரிச்சுப் போனாங்கன்னு நீ எண்ணினியா?”

கூட்டத்தில் இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஊரில் அதை எப்போதும் சாராயத்தின் கணக்கில்தான் எழுதுவது வழக்கம். கிமியே சான் முனகிக்கொண்டே கல் கழுவப் போனார். டாக்டர் மரத்தை வைத்திருப்பவர்கள் சொன்னால் சரிதான் என்று அவர் சொல்லிக்கொண்டு போனது எல்லோருக்கும் கேட்டது. தொகியே அடுத்த கையைத் திருப்பினார். கைப்பேசியின் முகப்புக்குப் பேரக்குழந்தை திரும்பி வந்துவிட்டதை அவர் ஊருக்கு அறிவிக்கவில்லை.

மீனில் உப்பு பழைய அளவுதான், சோற்றில் காடியும் பழைய அளவுதான். ஒற்றை இலை, பளபளக்கும் பக்கம் உள்ளே. ஹிரோசேயும் வந்திருந்தார். கையைக் காட்டித்தான் உள்ளே போனார். இலை துடைக்க உட்கார்ந்தவர், துடைத்த இலையைப் பாத்திரத்தில் போடும் முன் ஒவ்வொன்றையும் ஒரு நொடி பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் சாற்றோடு நிற்காமல் சோற்றோடும் மீனோடும் சேர்த்தே பார்க்கப்போவதாகவும், அதற்கு இலை மட்டும் போதாது, சுஷியே வேண்டும் என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டார். கிருமிக்குத்தானே, உதிர்ந்து போனதைத் தருகிறேன் என்றார் தொகியே. அப்போதுதான் அந்த இருவருக்கும் நடுவே சிரிப்பு திரும்பியது.

கல் ஏற்றும் நேரம் வந்ததும் இசாமுவை அழைத்துவந்து உட்கார வைத்தார்கள். தூக்கியது கிமியேயின் கணவர், எங்கே வைப்பது என்று விரல் காட்டியது இசாமு. அங்க இல்ல, அங்க இல்ல என்று ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு முறை மாற்ற வைத்தார். கிமியேயின் கணவர் முதுகைப் பிடித்துக்கொண்டு, இந்த மனுஷனுக்குப் பேச்சு திரும்பாமலே இருந்திருக்கலாம் என்றார். இசாமு சிரித்த சிரிப்பில் அவருடைய பழைய குரல் கொஞ்சம் இருந்தது.

மறுநாள் கோயிலில் படையல் முடிந்து, முறை வீட்டுக் கூடத்தில் நீண்ட மேசைகள் போட்டு ஊரே உட்கார்ந்தது. பெட்டிகளைத் திறந்ததும் இலை மணமும் காடி மணமும் கிளம்பின. நான் என் பங்கை எடுத்து, வழக்கம்போல் மூக்கருகே கொண்டுபோனேன், பிறகு நிறுத்திக்கொண்டு தின்றேன். மூக்கால் கண்டுபிடிக்க முடியாததைத்தான் அந்தத் தட்டில் பார்த்திருந்தேனே.

தொகியே பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து இசாமுவின் முன் வைத்தார். தனித் தட்டு எதுவும் இல்லை, எல்லோருக்கும் வைத்த அதே இலைதான். இசாமு வலது கையால் அதை அழுத்திப் பிடித்து, இடது கையால் பிரிக்கத் தொடங்கினார். இலை நழுவியது. எதிரே இருந்த கிமியே சான் உதவப் போய், தொகியேயின் பார்வையைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். எல்லோரும் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலை ஒருவழியாகப் பிரிந்தது. மீன் சீவல் சோற்றோடு ஒட்டி, ஓரத்தில் இலையின் நரம்பு பதிந்து கிடந்தது. அவர் சின்னதாகக் கடித்தார். மென்றார். கண்ணை மூடவில்லை. கூடத்தை, ஆட்களை, பெட்டிகளை, கல் அடுக்கி வைத்திருந்த மூலையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மென்றார். மற்றவர்கள் மூன்றாவதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் பாதிதான் முடித்திருந்தார். பரிமாறுவதை விட்டுவிட்டு, தொகியே தூணோரம் தட்டோடு நின்றிருந்தார்.

கடைசிப் பருக்கையும் போன பிறகு இசாமு விரலை நக்கிக்கொண்டார். பிறகு இடது கை மெதுவாக மேசைமேல் நகர்ந்து பெட்டியின் பக்கம் போயிற்று.

தொகியே தூணைவிட்டு வந்து பெட்டியைக் கிமியே சானின் பக்கமாகத் தள்ளி வைத்தார். வெள்ளரித் தட்டை அந்த இடத்துக்கு நகர்த்தினார்.

“போதும்ப்பா.”

இசாமு பெட்டி போன திசையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“ஒண்ணுதான்னு… ஆனப்புறம்… பெரிய துண்டாப் பாத்துக் குடுத்திருக்கலாம்,” என்றார்.

“பெரிய துண்டாப் பாத்துத்தான் குடுத்தேன்,” என்றார் தொகியே.